மஞ்சள் கோடு விழாத இரண்டு நட்டுகள்

போன மாதம் சுமதி போன் செய்தாள். "அக்கா, நம்ம லைன்ல கேமரா வெச்சிட்டாங்க. இனிமே விரல் ஓட்டறது கிடையாது" என்றாள். சுமதி என்னோடு ஒரே பெஞ்சில் ஹோஸ் மாட்டிக்கொண்டிருந்தவள். இப்போது அந்த லைனுக்கே சூப்பர்வைசர். பாதுகாப்பு வாரத்துக்குச் சின்னப் புத்தகம் ஒன்று போடுகிறார்களாம். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு விரல் ஓட்டுவது என்றால் என்னவென்றே தெரியவில்லையாம், நீங்கள்தான் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றாள். ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். அது எங்கேயோ போய்விட்டது. சுமதி, இதை நீ அந்தப் புத்தகத்தில் போட முடியாது. இருந்தாலும் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா நல்லது. எங்கள் விரலைவிட நன்றாகவே பார்க்கும். அதற்குத் தலைவலி வராது, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வராது. "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எழுதப்போவது வேறு விஷயம்.

என் பேர் எஸ்தர். ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஆயில் ஹோஸ், பிரேக் ஹோஸ் என்று எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்து, ஐம்பத்தெட்டு முடிந்ததும் மாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள். படப்பையில் மாடியில் ஒரு அறை, அதை ஒட்டி ஒரு சமையல் மேடை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி நான் அலுத்துப்போய், கேட்டுக் கேட்டு அவர்களும் அலுத்துப்போய், அந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஷிப்ட் பஸ்ஸுக்காக போனில் வைத்த அலாரம் விடிகாலையில் இன்னும் அடிக்கிறது. நிறுத்தத் தெரியாமல் இல்லை. அது ஒன்றுதான் தினமும் தவறாமல் என்னைக் கூப்பிடுகிறது, அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் கிடந்தவள், பக்கத்து வீட்டுப் பெண் போகிறாளே என்று நானும் போனேன். ஹோஸ் வெட்டினேன், முனை மாட்டினேன், அழுத்தும் மிஷினில் நின்றேன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அதனாலேயே லைனை விட்டு என்னைத் தூக்கி மாதிரி அறையில் போட்டார்கள். புது வண்டி ஏதாவது வந்தால் அதற்கு முதல் செட் ஹோஸ் செய்து மாட்டிப் பார்க்கிற அறை அது. கண்ணாடித் தடுப்பு, உள்ளே இரண்டே பேர்: நான், அந்த அறைக்குப் பொறுப்பான கோதண்டம் சார்.

கோதண்டம் சார் வாலாஜாபாத் பக்கத்துக்காரர். கத்த மாட்டார், திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். நான் மாட்டி முடித்ததும் பக்கத்தில் வந்து நிற்பார். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் விரல் நகத்தால் அந்த இடத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார், நானே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். பிடித்திருந்தால் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்து மூடியைத் திறப்பார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் பாராட்டு. அந்த 'டிக்'குக்காக நான் நாள் முழுக்கக் காத்திருந்ததுண்டு.

விரல் ஓட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் வந்த புதிதில் ஒரு டிப்பர் லாரிக்கு ஹோஸ் மாட்டிக் கொடுத்தபோது இரண்டு ஹோஸ் இடம் மாறிப்போயிற்று. டிரைவர் தொட்டியை இன்னும் தூக்குவதற்கு லிவரை இழுத்தால், ஹோஸ் மாட்டுவதற்காகப் பாதி தூக்கி நிறுத்தியிருந்த தொட்டி கீழே வந்தது. நல்லவேளை, நசுங்கியது மேனேஜரின் புது ஸ்கூட்டர் மட்டும். மேனேஜர் குதித்த குதியை இன்னும் நினைத்துச் சிரிப்பேன். கோதண்டம் சார் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு சட்டம் போட்டார். மாட்டியவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இன்னொருவர் வந்து கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் புறப்படும் இடத்தில் விரலை வைத்து, ஹோஸ் வழியாகவே கடைசி வரை விரலை ஓட்ட வேண்டும். மாட்டியவர் பக்கத்தில் நின்று மூன்று கேள்வி கேட்பார். எங்கேருந்து வருது? எங்கே போவுது? நடுவுல எங்கேயாச்சும் நிக்குதா? விரல் சொல்வதைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும், மனசில் இருப்பதை அல்ல. எல்லாம் சரியாக இருந்தால், விரல் ஓட்டியவர் நட்டுக்கும் முனைக்கும் சேர்த்துக் குறுக்கே மஞ்சள் கோடு போடுவார். நட்டு பின்னால் தளர்ந்தால் கோடு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். செய்தவர் தன் வேலைக்குத் தானே விரல் ஓட்டவோ கோடு போடவோ கூடாது. யாராயிருந்தாலும் கூடாது. முதலாளியே வந்து மாட்டினாலும் இன்னொரு ஆள் வந்துதான் கோடு போட வேண்டும்.

அந்தக் கண்ணாடி அறையில் பல வருஷம் அவர் செய்ததற்கு நானும் நான் செய்ததற்கு அவரும் விரல் ஓட்டினோம். வெளியே லைனில் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வேலை செய்வது கண்ணாடி வழியாகத் தெரியும், சத்தம் கேட்காது. எங்கள் சாப்பாட்டு நேரமும் வேறு. கேன்டீனில் எல்லோரும் எழுந்து போன பிறகு, ஈரம் காயாத மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்த அறையைப் பற்றி நாலு விதமாகப் பேசினார்கள் என்பதும் காதுக்கு வந்தது. பேசட்டும் என்று விட்டேன். அவர் என்னிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசியவர் இல்லை என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்? உண்மையைச் சொன்னால், அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தமும்.

அவர் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் மனைவி காலமான செய்தி வந்து துக்கம் கேட்கப் போனேன், அதோடு சரி. நான் வீட்டுக்கு வந்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த ஒரு நாள் போன் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. சேரப்பணஞ்சேரியில் ஷெட் ஒன்று எடுத்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா, இரண்டு ஆயில் கூலருக்கு ஹோஸ் போட வேண்டும் என்றும் சொன்னார். ஜெனரேட்டர் ஏதோ ரிப்பேர் செய்கிறார் என்று நினைத்து, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

அது பழைய கோழிப்பண்ணை ஷெட். நீளமாக இருக்கும் அல்லவா, அதனால் எடுத்திருக்கிறார். உள்ளே போனால் ஒரு விமானம் நிற்கிறது! இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். பாதி மரம், பாதி ஃபைபர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வரைபடத்தைப் பார்த்துத் தானே கட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இது எதற்கு சார் இந்த வயசில் என்று கேட்டே விட்டேன். நாற்பது வயசில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியிருந்தாராம், அது எப்போதோ காலாவதியாகிவிட்டதாம். வாழ்நாள் முழுக்க யாரோ செய்த வண்டிக்கு நாம் ஹோஸ் மாட்டினோம், ஒரு தடவையாவது முழு வண்டியையும் செய்து பார்க்க வேண்டாமா என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் பேச்சு அதுதான். இன்ஜினைக் காட்டுங்கள் சார் என்றேன்.

இன்ஜின் நான் அதுவரை பார்க்காத ஜாதி. பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற கதையே கிடையாது. வயிறு புடைத்த முக்கோணம் மாதிரி ஒரு இரும்பு, உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரோட்டரி இன்ஜின் என்கிறார்கள். விபத்தில் போன வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து கழற்றியது. அதில் எண்ணெய்க்கு இரட்டை வேலை: தேய்மானம் இல்லாமல் பார்ப்பதோடு, சுற்றுகிற அந்த முக்கோணத்தை உள்ளேயிருந்து குளிரவைப்பதும் எண்ணெய்தான். சூட்டை வாங்கிக்கொண்டு வரும் எண்ணெய் கூலருக்குப் போய் ஆறித் திரும்ப வேண்டும். ஆறாமல் திரும்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கருகும், அப்புறம் இன்ஜின் நின்றுவிடும். தரையில் நின்றால் இறங்கித் தள்ளலாம்.

மூக்கின் இரண்டு பக்கமும், காற்று வாங்குகிற மாதிரி, பக்கத்துக்கு ஒரு கூலர் வைத்திருந்தார். அதில்தான் எங்களுக்கு முதல் வாக்குவாதம். ஒரு கூலருக்குள் போன எண்ணெயே அடுத்ததற்குள்ளும் போகட்டும் என்றேன் நான். அப்படிச் செய்தால் பம்புக்குச் சுமை, எண்ணெயை இரண்டாகப் பிரித்து இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்றார் அவர். பிரித்துவிட்டால் எண்ணெய் சுலபமான வழியாகத்தான் ஓடும், ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால் எல்லாம் மறுபக்கம் போய்விடும், தரையில் ஓட்டும்போது மீட்டரிலும் சட்டென்று தெரியாது என்றேன். "அதுக்குத்தான் கை இருக்குதே. ஓட்டி நிறுத்தி ரெண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தா தெரிஞ்சிடப் போவுது" என்றார். கம்பெனியில் அவர் தேய்த்து மடித்த தமிழ் பேசுவார். ஷெட்டில் அவருடைய ஊர்ப்பேச்சு தானாக வந்துவிட்டிருந்தது. கடைசியில் அவர் சொன்னபடியே செய்தோம்.

வலது பக்கத்து ஹோஸ்களை நான் வருவதற்கு முன்பே அவர் செய்து வைத்திருந்தார். இடது பக்கம் நான் செய்தேன். ஹோஸ் செய்கிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. இரும்பு முனையைத் திருகி உள்ளே ஏற்றும்போது, உள் ரப்பர் சீவுண்டு மடிப்பாக எழுந்து நிற்கும். நாங்கள் அதை நாக்கு என்போம். எண்ணெய் ஒரு பக்கமிருந்து வந்தால் நாக்கு படுத்து வழிவிடும், மறுபக்கமிருந்து வந்தால் எழுந்து அடைத்துக்கொள்ளும். வெளியே எவ்வளவு விரல் ஓட்டினாலும் அது தெரியாது. அதனால் ஒரு இரும்புக் குண்டை இந்த முனையிலிருந்து ஒரு தடவை, அந்த முனையிலிருந்து ஒரு தடவை உருட்டிப் பார்ப்போம். அவருடைய ஹோஸ்களுக்குக் குண்டு போட்டாயிற்றா என்று கேட்டேன். ஆயிற்று என்றார். கோதண்டம் சார் ஆயிற்று என்றால் ஆயிற்றுதான். கண்ணை மூடி விரல் ஓட்டி, மஞ்சள் கோடு போட்டேன். என்னுடையதற்கு அவர் ஓட்டினார். கேள்விகளுக்கெல்லாம் கணக்காகப் பதில் சொன்னார். பேனா 'டிக்' என்று திறந்தது. அன்று வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன், ஆட்டோவில் ஒருத்தி ஒரு மாதிரி பார்த்தாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் சேரப்பணஞ்சேரி. காலைச் சர்ச்சை முடித்துவிட்டு அப்படியே போய்விடுவேன். இரண்டு பேருக்குமாக ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். இரண்டு பேர் ஒரே இடத்தில் வேலை செய்கிற சத்தம் கேட்கும், அது போதும். திங்கட்கிழமை வந்தால் மறுபடி சுவர்க்கடிகாரம். எதை நினைத்து என்னைக் கூப்பிட்டார் என்று யோசித்துப் பார்ப்பேன். அவருக்கும் பேச ஆள் இல்லை, என் நினைவு வந்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய இடது செருப்பு மட்டும் கிடந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனால், ஒற்றைச் செருப்போடு நடமாடிக்கொண்டிருக்கிறார். செருப்பைக் காட்டியதும், அட, எங்கே விட்டேன் என்று பார்த்தேன் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். வேலை மும்முரத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் என்று நினைத்தேன். அதற்கப்புறமும் ஓரிரு தடவை அப்படி எடுத்து வந்து கொடுத்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்ததும் விமானத்தைப் பக்கத்து லேஅவுட்டுக்குத் தள்ளிப் போவதாக அவர் திட்டம். மனைக்கல் நட்டு, தார் ரோடு போட்டு, விற்பனைக்கு என்று போர்டும் வைத்து, ஒரு வீடு கூட வராத இடம். ஆடு மேயும், ஸ்கூட்டி பழகுகிறவர்கள் வருவார்கள். நேரான நீள ரோடு, கடைசியில் காம்பவுண்ட் சுவர். அந்த ரோட்டில் ஓட்டி, ஒரே ஒரு தாவு, ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி இறங்கிவிடுவேன் என்றார். அனுமதி கினுமதி எல்லாம் எங்கே சார் என்று சண்டை போட்டேன். அது அப்புறம், முதலில் இது எழும்புகிறதா என்று தெரிய வேண்டும் என்றார். பிடிவாதக்காரர். தரையில் அதை நேராக ஓட்டுவதும் பிரேக் போடுவதும் இரண்டு காலாலும்தான் என்று பெடலைக் காட்டி விளக்கினார். நான் தலையாட்டினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு முதல் தடவையாக இன்ஜினை நீண்ட நேரம் ஓட்டினோம். வால் பக்கத்தைக் கயிறு போட்டு இரும்புக் கம்பத்தில் கட்டினோம். அவர் உள்ளே உட்கார்ந்தார், நான் தள்ளி நின்றேன். அடேயப்பா, என்ன சத்தம்! கோழிப்பண்ணைக் கூரைத் தகரமெல்லாம் ஆடிற்று. எண்ணெய்ச் சூடு மீட்டரில் அவர் குறித்து வைத்திருந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். காற்றாடி முழுசாக நிற்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு பக்கத்து மூடிகளைத் திறந்தோம்.

அவர் இடது பக்கம் போய், கூலரிலிருந்து எண்ணெய் வெளியே வரும் இரும்பு முனையின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. நிதானமாக வைத்திருந்தார். "நல்லா இருக்கு, வெதுவெதுன்னு" என்றார். வலது பக்கம் வந்து அங்கேயும் வைத்தார். "இதுவும் அதே மாதிரிதான்" என்றார்.

செய்தவர் சொன்னால் போதாது, இன்னொருவர் தொட வேண்டும் அல்லவா? நான் வலது பக்கம் தொட்டேன். பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. எண்ணெய் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஓடிப்போய் இடது பக்கம் தொட்டேன். தொட்ட வேகத்தில் கையை உதறினேன். அந்த இடத்தில்தான் அவர் விரலை வைத்துக்கொண்டு வெதுவெதுப்பு என்று சொல்லியிருந்தார். அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். விரல் நுனித் தோல் வெளுத்து, கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் அதை யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

இழுத்துப்போய்க் குழாயடியில் கையைக் காட்டச் சொன்னேன். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, அவர் முகத்தில் வலியே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எவ்வளவு நாளாக சார் என்று கேட்டேன். சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறதாம், விரல்களில் உணர்ச்சி போய் ஒரு வருஷம் இருக்குமாம். நான் மாட்டிய இடது பக்கத்துக்கு அவர் ஓட்டிய விரல் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஹோஸின் பாதை அவருக்கு மனப்பாடம், மனப்பாடத்தை ஒப்பித்திருக்கிறார்.

"என் விரல் போயிடுச்சு எஸ்தர். அதான் உன்னைக் கூப்டேன்" என்றார்.

இவ்வளவு நாளாக நான் வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது என் விரல். அழுது காட்டுகிற ஜாதி இல்லை நான், போய் ஸ்பேனரை எடுத்தேன்.

வலது பக்கத்தில் கூலருக்குள் போகும் ஹோஸைக் கழற்றி, எண்ணெயை வடித்துவிட்டுக் குண்டை உருட்டினேன். ஒரு பக்கமிருந்து போட்டால் வந்தது. மறுபக்கமிருந்து போட்டால் நடுவில் நின்றுவிட்டது. நாக்கு. குண்டு போட்டதாகச் சொன்னீர்களே என்றேன். போட்டாராம், ஒரு பக்கமிருந்து. ஒருவர் உருட்டினால் மறுமுனையில் ஒருவர் பிடிக்க வேண்டும். அவர் தனியாள், உருண்டு போன குண்டைத் தேடியெடுப்பதற்குள் மறுபக்கம் போட மறந்துவிட்டது. ரப்பர் சீவுண்டதும் அந்த விரல்களுக்குத் தெரிந்திருக்காது. புது ஹோஸ் வெட்டி, முனை ஏற்றி, இரண்டு பக்கமும் குண்டு போட்டுக் காட்டி, மாட்டி இரண்டு நட்டையும் இறுக்கினேன். ஹோஸ் வேலை அதோடு முடிந்தது. மஞ்சள் கோடு மட்டும் பாக்கி. பழக்கதோஷத்தில் அவர் விரல் ஓட்டக் கையை நீட்டினார், கொப்புளத்தைப் பார்த்து மடக்கிக்கொண்டார்.

ஸ்பேனரைத் துடைத்து வைக்கும்போதுதான் எனக்குக் கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த செருப்பு நினைவுக்கு வந்தது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "காலெல்லாம் நல்லாத்தான் கீது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

அவர் அந்த ரோட்டில் ஓட்டிக்கொண்டு போய், காம்பவுண்ட் சுவருக்கு முன்னால் பெடலை மிதிப்பதாக நினைத்து மிதிக்காமல் விடுவது கண்ணில் தெரிந்தது. இதைச் சொல்லிவிட்டால் விமானம் நின்றுபோகும். விமானம் நின்றால் ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றுபோகும். அவருக்கு வேண்டியது என் விரல்தானே, அந்த வேலை முடிந்துவிட்டால் என்னை எதற்குக் கூப்பிடப்போகிறார்? இதுவும் ஓடியது மனசில், மறைப்பானேன்.

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கண்ணை மூடுங்கள், காலுக்கு விரல் ஓட்டணும் என்றேன். சிரித்தார், ஆனால் மூடினார். கீழே உட்கார்ந்து அவருடைய இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்து என் மடிமேல் வைத்தேன். அத்தனை வருஷம் ஒரே அறையில் வேலை செய்தும் அந்த நாள் வரை நான் அவரைத் தொட்டதில்லை. பாதத்தில் ஒரு இரும்புச் சீவல் குத்தி நின்றது, சுற்றிலும் ரத்தம் காய்ந்திருந்தது. எப்போது குத்தியதோ. அதைப் பிடுங்கினேன். குதிகாலில் விரலை வைத்து, நன்றாக அழுத்தி, உள்ளங்கால் வழியாகக் கட்டைவிரல் வரை போனேன். ஒவ்வொரு விரலாகத் தொட்டேன். மேல்பக்கமாகத் திரும்பிக் கணுக்கால் வரை வந்தேன்.

"உம், ஆரம்பி" என்றார்.

இன்னொரு தடவை குதிகாலிலிருந்து ஓட்டினேன்.

"இன்னாம்மா பண்ற? ஆரம்பிக்கல?"

"முடிச்சிட்டேன் சார்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். என் விரல் அவர் கணுக்காலில் இருந்ததைப் பார்த்தார். மடியில் கிடந்த இரும்புச் சீவலைப் பார்த்தார். பிறகு விமானத்தைப் பார்த்துக்கொண்டே, "கை போனது தெரியும். கால் போனது தெரியாது. நீ சொல்லாம வுட்டிருக்கலாம்" என்றார்.

"சொல்லாம வுட்டிருந்தா வர ஞாயித்துக்கிழமையும் நான் வந்திருப்பேன் சார். எனக்கு மட்டும் அது கசக்குதா இன்னா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமல், அப்படியே என் கையில் கொடுத்தார்.

அன்றைக்கே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். கால் காயம் ஆறிவிட்டது. விரல் ஆறவில்லை, சீழ் வைத்து, கடைசியில் ஆள்காட்டி விரலில் நுனிக் கணுவை எடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்தாள். நல்ல பெண். அப்பாவை இனித் தனியாக விடமாட்டேன் என்று அழைத்துக்கொண்டு போனாள். போகிற அன்று பார்க்கப் போனேன். சாப்பாட்டு டப்பா ஒன்று ஷெட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார்.

விமானத்தை மகள் ஒரு என்ஜினீயரிங் காலேஜுக்குக் கொடுத்துவிட்டாள், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிய நாள், ஷெட் சாவி என்னிடம் இருந்ததால் நான் போயிருந்தேன். காலேஜிலிருந்து வந்த ஆசிரியர் இன்ஜின் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பொறுமையான மனிதர். எல்லா நட்டிலும் மஞ்சள் கோடு இருக்கிறதே, வலது பக்கம் இந்த இரண்டில் மட்டும் ஏன் இல்லை, மறந்துவிட்டார்களா என்று கேட்டார். இறுக்கியாயிற்று, தளராது என்றேன். அப்படியானால் கோடு போட்டுவிடலாமே, பேனா உங்கள் கையில்தானே இருக்கிறது என்றார்.

பேனா கையில்தான் இருந்தது. ஆனால் அந்த ஹோஸைச் செய்தவள் நான்.

"பாக்க வேண்டிய ஆள் இன்னும் வரல சார்" என்றேன்.